பன்னிரண்டு ஒன்பது வரை

“மாடிச் சாவியக் குடுங்க சார்.”

கேட்டது சிம்ரன். கேட்ட இடம், சின்ன காஞ்சிபுரத்தில் மூன்று அடுக்கு எழும்பி நிற்கும் ஒரு பட்டுக்கடையின் கல்லா மேசை. தை மாத முகூர்த்தத்துக்குப் புடவை எடுக்க வேன் வைத்து வந்திருந்த கல்யாண வீட்டுக்காரர்கள் ஜமக்காளத்தில் உட்கார இடமில்லாமல் நெருக்கிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை. மணி பதினொன்று நாற்பது. ரவிக்கைத் துணி மடித்துக்கொண்டிருந்த அம்சாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இந்த அம்சாதான் சொல்லிவைத்திருந்தாள். “லீவு கேளு. தலவலின்னு சொல்லி டீ கேளு. மாடிச் சாவிய மட்டும் எந்தக் காலத்துலயும் கேக்காத. மேல சாமி ரூமு இருக்குது. நம்மள மாதிரி ஆளுங்க போறதில்ல.” நம்மைப் போன்றவர்கள் என்றால் யார் என்று சிம்ரன் அன்று கேட்கவில்லை. ஐயம்பேட்டைக் காலனியில் பிறந்தவளுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை. கேட்காமல் தலையாட்டிவிட்டோமே என்ற எரிச்சல்தான் பதினொரு மாதமாக அவளுக்குள் காந்திக்கொண்டு கிடந்தது.

முதலாளி வரதராஜன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “சாவியா? எதுக்கும்மா பிரியா?”

பிரியா என்பதும் அவள்தான். வீடியோ விற்பனைக்காக அவர் சூட்டிய பெயர். சிங்கப்பூரிலும் துபாயிலும் உட்கார்ந்து போனில் புடவை பார்க்கிறவர்களுக்கு முந்தியை விரித்துக் காட்டி, “எங்க தாத்தா காலத்துலேர்ந்து எங்க குடும்பமே தறியிலதாங்க இருக்குது” என்று சிரிக்க வேண்டும். உண்மையில் அவள் அப்பா சிட்டிபாபு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். தாத்தா அடுத்தவன் வயலில் ஏர் ஓட்டினார். தறி இருக்கும் வீட்டுக்குள் அவர் கால் வைத்ததுகூடக் கிடையாது. ஆனால் பிரியா அப்படிச் சொன்னால் புடவை போகிறது. அது நன்றாகவே போனதால் இன்று மேசைமேல் ஒரு ஒப்பந்தம் கிடந்தது. ஆன்லைன் பிரிவு முழுக்க அவள் பொறுப்பு, சம்பளம் கூடுதல், மூன்று வருடம் வேறெங்கும் போகக்கூடாது. அதுவரை அவளுடைய பட்டச் சான்றிதழின் அசல் முதலாளியின் இரும்புப் பெட்டியில் இருக்கும். அவள் வீட்டிலேயே, ஏன் அவள் தெருவிலேயே, முதல் பட்டச் சான்றிதழ் அது. பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

இன்னொரு பக்கம் வேறொரு வேலை காத்திருந்தது. கிராமத்துப் பள்ளிகளுக்கு வேனில் தொலைநோக்கி எடுத்துப்போய் வானத்தைக் காட்டுகிற ஒரு சின்ன அமைப்பு அவளை ஒரு வருடத்துக்குக் கூப்பிட்டிருந்தது. சம்பளம் பாதி. அதற்கப்புறம் என்ன என்று அவர்களுக்கே தெரியாது. இரண்டு இடத்துக்கும் இன்று பதில் சொல்லியாக வேண்டும். ஒரு வாரமாக அவள் எதையும் சொல்லவில்லை. தனக்குத் தெரியாததைத் தன்னிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள அவளுக்கு வருடத்தில் ஒரே ஒரு நேரம்தான் உண்டு. அது இன்று, இன்னும் அரைமணியில். வெயில் விழுகிற இடம் வேண்டும். தெரு முழுக்க வேன்களும் பைக்குகளும் அடைத்துக்கொண்டு நின்றன.

“இன்னிக்கு டிசம்பர் இருபத்தொண்ணு சார். வருஷத்துலயே குட்டப் பகல். உச்சி நிழல அளக்கணும். நாலு வருஷமா அளந்துக்கினு வரேன், இது அஞ்சாவது. அத முடிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடறனா இல்லியான்னு சொல்வேன்.”

“போடறனா இல்லியாவா?” என்றார் வரதராஜன். “நாளைக்கு விடியக்காலம் நான் பிளைட் ஏறணும். பன்னண்டுக்கு எமகண்டம். அதுக்குள்ள கையெழுத்தப் போட்டுட்டு, அப்பறம் நிழலோ நிலாவோ எதையாவது அளந்துக்கோ.”

“எமகண்டம் பன்னண்டுக்கு இல்ல சார். பன்னண்டு ஒம்போதுக்கு.”

“ஐயோ, இவ வாயி” என்று அம்சா ரவிக்கைத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“பகல எட்டாப் பிரிச்சுத்தானே ராகுகாலம், எமகண்டம் எல்லாம்? காலண்டர்காரங்க காலைல ஆறுல இருந்து சாயந்திரம் ஆறு வரைக்கும் பகல்னு வச்சு எட்டாப் போட்டுட்டாங்க. இன்னிக்கு சூரியன் ஆறு மணிக்கா வந்துச்சு? ஆறு இருபத்தெட்டுக்கு. மறையறது அஞ்சு அம்பதுக்கு. ஞாயித்துக்கெழம எமகண்டம் அஞ்சாவது பங்கு, அதாவது சரியாப் பாதிப் பகல்ல ஆரம்பம். பாதி எங்க வருதுன்னு நீங்களே பாருங்க.”

வரதராஜன் கணக்குப் போடவில்லை. போனை எடுத்துப் பஞ்சாங்கம் பார்க்கிற ஆப்பைத் திறந்தார். அதில் ஊர் பெயர் கேட்டது. இத்தனை வருடமாக அதைத் தட்டிவிட்டதே இல்லை. தட்டினார். திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார்.

“பன்னண்டு ஒம்போதுல இருந்து ஒண்ணு முப்பத்திநாலு” என்றார் மெதுவாக. “அப்போ போன ஞாயிறு? பன்னண்டுக்குள்ள புதுப் பாவு தறியில ஏத்தணும்னு நம்ம நெசவாளி வீரபத்திரனை அந்த வெரட்டு வெரட்டினேனே.”

“அவருக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்துச்சு சார்.”

முப்பது வருடமாகத் தவறான கடிகாரத்துக்குப் பயந்தவரின் முகம் எப்படி இருக்கும் என்று அம்சா அன்றைக்குத்தான் பார்த்தாள். அவர் இழுப்பறையைத் திறந்து, சிவப்புக் கயிறு கட்டிய சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

“பத்திரத்த நானே மேல எடுத்துக்கினு வரேன். பன்னண்டு ஒம்போதுக்குள்ள போட்டுடணும். அம்சா, நீயும் கூடப் போ. சாமி ரூம் பக்கம் போவாதீங்க.”

“சமமா இருக்கற எடத்துலதான் சார் நிக்க முடியும்” என்று சிம்ரன் சாவியை எடுத்துக்கொண்டாள்.

மாடிக் கதவைத் திறந்ததும் வெயில் முகத்தில் விழுந்தது. மார்கழி வெயில், சுடாத வெயில். கோயில் கோபுரம், தென்னை மரங்கள், கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், காயப்போட்ட வேட்டிகள். ஊர் தன் தலையை யாரும் பார்க்காத நேரத்தில் இப்படித்தான் இருக்குமோ என்றிருந்தது. அம்சா படியை விட்டு நகரவில்லை. பதினாறு வருடமாக இந்தக் கட்டடத்தில் வேலை செய்கிறாள். இந்தக் கதவுக்கு அப்பால் வானம் இருக்கிறது என்பதே அவளுக்கு இன்றுதான் தெரிந்தது.

சிம்ரன் பாட்டில் தண்ணீரைத் தரையில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தாள். ஓடியது. நான்கடி தள்ளி ஊற்றினாள். அங்கேயும் ஓடியது. மழைத்தண்ணீர் வடிவதற்காகத் தளம் முழுக்கச் சாய்வாகப் போட்டிருந்தார்கள். தண்ணீர் ஓடாமல் வட்டமாகத் தேங்கி நின்ற இடம் ஒன்றே ஒன்று. சாமி அறையின் கதவுக்கு முன்னால் பதித்திருந்த கருங்கல் பலகை.

“அங்க வேணாம்டி” என்றாள் அம்சா.

“நான் எடுத்த எடம் இல்லக்கா. தண்ணி எடுத்த எடம்.”

ரவிக்கைத் துணிப் பிரிவிலிருந்து கொண்டுவந்த இரும்பு மீட்டர் கோலைக் கல்மேல் நிறுத்தி, சுற்றிலும் உடைந்த செங்கல் அண்டைகொடுத்தாள். கையிலிருந்த சுருக்குப்பையிலிருந்து ஒரு நூலை எடுத்தாள். கல்லூரி நாளில் தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீட்டியிருந்தவர்கள் அறுத்துப் போட்ட பட்டு இழை. அதன் நுனியில் ஒரு திருகு மரையைக் கட்டித் தொங்கவிட்டு, கோல் நேராக நிற்கிறதா என்று நாலு பக்கமும் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். பிறகு நூலின் ஒரு முனையைக் கோலின் அடியில் அழுத்திப் பிடித்து, நடுவிலிருந்த ஒரு முடிச்சில் சாக்பீஸை வைத்துக் கல்மேல் ஒரு வளைவு இழுத்தாள்.

“இது இன்னா பூஜ?” அம்சா தன்னையறியாமல் பக்கத்தில் வந்துவிட்டிருந்தாள்.

“பூஜ இல்லக்கா. இந்தா, நெழலப் பாரு. நுனி இந்த வளைவுக்கு வெளிய ஒரு சுண்டுவெரல் அகலம் இருக்குதா? காலைல இருந்து கொறஞ்சுக்கினே வருது. இந்த ஊருக்கு உச்சி பன்னண்டுக்கு இல்ல, பன்னண்டு ஒம்போதுக்கு. அப்போ நுனி இந்தக் கோட்டத் தொடும். தொட்டுட்டு மறுபடி நீள ஆரம்பிச்சுடும்.”

“கோட்ட நீதானே போட்ட? எப்டித் தெரியும் அங்கதான் தொடும்னு?”

“மொத வருஷம் காலேஜ் கிரவுண்டுல தொட்ட எடத்துல போட்ட முடிச்சுக்கா இது. ரெண்டாவது வருஷமும் அங்கியேதான் தொட்டுச்சு. அப்பறம் லைப்ரரி வாசல்ல, போன வருஷம் எங்க தெருக்கொழா பக்கத்துல. எங்கியும் இதே மீட்டர் உசரம், ஒரே முடிச்சுதான். இன்னொரு முடிச்சுப் போட வேண்டியே வரல.”

அம்சா முடிச்சைப் பார்த்தாள். எள்ளளவு இருந்தது.

“சரி, தொட்டா இன்னா?”

சிம்ரன் இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள், சிரித்தால் இவள் அடித்துவிடுவாள், எதற்கு வம்பு என்றுதான் இருந்தாள்.

“ஆகஸ்டுல இருந்து தெனம் தெனம் உச்சி நெழலு நீண்டுக்கினே வருது. சூரியன் தெக்க போயிக்கினே இருக்குது. இன்னிக்குத்தான் கடைசி. இதுக்கு மேல அது போவாது. திரும்பிடும். காலைல இருந்து கொறையற நெழலும் அந்த நிமிஷத்துல நிக்குது, மாசக்கணக்கா வளந்த நெழலும் அந்த நிமிஷத்துல நிக்குது. ரெண்டும் ஒண்ணா நிக்கறது வருஷத்துல ஒரு தடவதான். அப்போ நான் ஒரு நெசம் சொல்வேன். வாய விட்டு, சத்தமா. ஒண்ணே ஒண்ணு. அது நிக்கும்போது பொய் சொல்லக்கூடாது, அவ்ளோதான். மொத வருஷம், ஒரு பேப்பர்ல பெயில் ஆனத மறச்சு வச்சிருக்கேன்னு சொன்னேன். சாயந்திரமே அப்பாகிட்டச் சொல்லிட்டேன். ரெண்டாவது வருஷம், லவ் பண்ணிக்கினு இருந்த அருள விட்டுட்டு வந்ததுல எனக்கு வருத்தமே இல்லன்னு சொன்னேன்.”

“அடிப்பாவி.”

“மூணாவது வருஷம் சொன்னதுதான் கஷ்டம்.” அவள் சாக்பீஸை உருட்டினாள். “அப்பா ஆட்டோவுல என்னக் கூட்டிக்கினு போக வந்தா, ஃப்ரெண்ட்ஸ் பாக்கறாங்களேன்னு நான் ரெண்டு தெரு தள்ளி நிக்கச் சொல்லிக்கினு இருந்தேன். அதச் சொன்னேன். சொன்ன வாயால அன்னிக்குச் சோறு எறங்கல. அப்பறம் அப்டி நிக்கச் சொன்னதே இல்ல.”

நாலாவது வருடத்தைப் பற்றி அம்சா கேட்கவில்லை. கோபுரத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

பன்னிரண்டு நான்குக்கு வரதராஜன் ஒப்பந்தத் தாளை அட்டையில் செருகிக்கொண்டு, பேனாவைக் காதில் வைத்துக்கொண்டு மேலே வந்தார். செருப்பைப் படியிலேயே விட்டார். தன் சாமி அறை வாசல் கல்லில் இரண்டு பெண்கள் குந்தியிருப்பதைப் பார்த்ததும் வாய் திறந்தது. உடனே கையைத் திருப்பி மணி பார்த்தார். இன்னும் ஐந்து நிமிடத்தில் கல்லைப் பற்றிக் கேட்பதா, கையெழுத்தைக் கேட்பதா என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு மேகம் வந்து மறைத்தது. கல்மேல் கோலும் செங்கல்லும் மட்டும் இருந்தன. நிழல் போன இடம் தெரியவில்லை.

“எங்க நிழல்?” என்றார்.

“சூரியனும் எமகண்டம் பாக்கறாரு போலருக்குது சார்” என்றாள் அம்சா.

யாரும் சிரிக்கவில்லை. சிம்ரன் போனில் மணி பார்த்தாள். பன்னிரண்டு ஐந்து. ஆறு. கீழே எவனோ வேன் ஹாரனை விடாமல் அடித்தான். நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட மேகம் மறைத்ததில்லை. மறைத்தால் என்ன செய்வது என்பதற்கு அவளிடம் விதி எதுவும் இல்லை. கேள்வி இருந்தது. அதைக் கேட்கிற நிமிடம் இல்லாமல் போய்விடும் போலிருந்தது. இன்னொரு வருடம், பிரியாவாக.

பன்னிரண்டு ஏழு கடந்ததும் மேகத்தின் விளிம்பு வெள்ளியாகக் கரைந்தது. கல்மேல் முதலில் ஒரு சாயல் விழுந்தது. பிறகு அது தடித்தது. நிழல் அது போயிருக்க வேண்டிய இடத்தில், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல், இத்தனை நேரம் யாரும் பார்க்காமலேயே நடந்து வந்த மாதிரி நின்றது. நுனிக்கும் வளைவுக்கும் நடுவில் ஒரு தாள் கனம்கூட இல்லை.

மூவரும் குனிந்தார்கள்.

நுனி பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தது. கண்ணால் பார்க்க முடிகிற நகர்வு அது. எறும்பைவிட மெதுவாக, ஆனால் எதற்காகவும் நிற்காமல். அப்படி நகர்ந்தபடியே கோட்டை நெருங்கியது. நகர்வது நிழல் இல்லை என்று சிம்ரனுக்குத் தெரியும். தாங்கள் நிற்கும் இந்தக் கல், இந்தக் கட்டடம், கீழே புடவை பேரம் பேசுகிற அத்தனை பேர், கோயில், குளம், கூரம் கிராமம் வரைக்குமான வயல்கள், எல்லாமே மணிக்கு ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே பாய்ந்துகொண்டிருக்கின்றன. ஒரு டம்ளர் தண்ணீர்கூடச் சிந்தவில்லை. அந்தப் பாய்ச்சலின் ஓசையில்லாத முத்திரைதான் இந்தக் கறுப்பு நுனி. படித்துத் தெரிந்துகொண்டதுதான், பரீட்சையில் எழுதியதுதான். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் இந்த இடத்தில் அவளுக்கு முதுகுத்தண்டு சிலிர்த்துவிடும். காலுக்கடியில் இருப்பது தரை இல்லை, ஒரு பிரம்மாண்டமான உருண்டையின் தோல் என்று பாதம் உணரும். பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும்போல் இருக்கும்.

தொட்டது.

சாக்பீஸ் வெள்ளையின்மேல் கறுப்பு நுனி உட்கார்ந்தது. பன்னிரண்டு ஒன்பது. ஐந்தாவது தடவையாக, அதே முடிச்சில். அவள் பெயிலானாள், பாஸானாள், ஒருவனை விட்டாள், வேலை தேடி அலைந்தாள், பெயரையே விற்றாள். சூரியன் நான்கு தரம் தெற்கே கோடி வரை போய், ஒரு பட்டு இழையின் கனம்கூடப் பிசகாமல் திரும்பி வந்து அவள் போட்ட முடிச்சைத் தொட்டது.

“கடவுளே” என்றார் வரதராஜன். சாமி அறைக் கதவு அவருக்குப் பின்னால் இருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. முட்டிபோட்டு, கல்லுக்கு ஒரு சாண் உயரத்தில் முகத்தை வைத்து நிழலைப் பார்த்தார். காதிலிருந்த பேனா நழுவி விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

சிம்ரன் வாய்விட்டுச் சொன்னாள்.

“என் பேரு சிம்ரன். நான் தறிக்காரரு பேத்தி இல்ல. தெனம் நாப்பது தடவ அப்டிச் சொல்றேன். மொதல்ல கூசுச்சு. இப்போ கூசல. கூசாமப் போயிடுச்சே, அதுதான் எனக்குப் பயமா இருக்குது. இது இந்த வருஷத்தோட முடியணும்.”

கீழே ஹாரன் ஓய்ந்திருந்தது.

“எனக்குக் கால் வலிக்குது சார்” என்றது இன்னொரு குரல். அம்சா. நிழலைப் பார்த்தபடியே சொன்னாள், தான் பேசுகிறோம் என்பதே தெரியாதவள்போல. “பதினாறு வருஷமா காலைல ஒம்பதுல இருந்து ராத்திரி ஒம்பது வரைக்கும் நின்னுக்கினே இருக்கேன். கஸ்டமரு இல்லாதப்பவும் நின்னுக்கினே இருக்கேன். வலிக்கலன்னு சொல்லிக்கினே இருக்கேன். உக்கார ஒரு ஸ்டூலு போடுங்க.”

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். வரதராஜன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு சிம்ரனை. உதடு பிரிந்தது. என்னவோ சொல்ல வந்தார். அதைச் சொல்லவா வேண்டாமா என்று நின்றார். அந்த முகத்தில் ஐம்பத்தெட்டு வயதும் கழன்று, திருவிழாக் கூட்டத்தில் கைவிட்டுப்போன பிள்ளையின் கண் தெரிந்தது.

நுனி கோட்டைத் தாண்டி வழுக்கி வெளியே வந்தது.

“நேரம் போயிடுச்சா?” என்றார்.

“போயிடுச்சு சார்.”

அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். தட்டி முடிக்கும்போது மறுபடி முதலாளியாக இருந்தார், முழுக்க இல்லாவிட்டாலும். “நாளைக்கு எங்க தொடும்?” என்று கேட்டார், போகிறபோக்கில் கேட்கிற மாதிரி.

“நாளைக்குக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பொங்கலுக்கு மூணு வெரல்கட உள்ள வந்துடும். ஏப்ரல் கடைசில ஒரு நாள் உச்சில கோலுக்கு நெழலே இருக்காது.”

“நிழலே இருக்காதா?” ஒரு நிமிடம் அதை யோசித்தார். பிறகு கையிலிருந்த அட்டை நினைவுக்கு வந்தது. “எமகண்டம் ஆரம்பிச்சுடுச்சு. ஒண்ணு முப்பத்திநாலுக்குக் கீழ வந்து போட்டுடு. பேரு வேணா மாத்திக்கலாம். சிம்ரன்னே சொல்லிக்கோ, நான் ஒண்ணும் சொல்லல. அந்தத் தாத்தா கதை மட்டும் இருக்கட்டும். அதுதாம்மா ஓடுது.”

சிம்ரனுக்குக் கோபம் வரும் என்று அம்சா எதிர்பார்த்தாள். சிம்ரனும்தான் எதிர்பார்த்தாள். பதினொரு மாதமாகத் தொண்டைக்குள் தயாராக வைத்திருந்த வார்த்தைகளைத் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. இவ்வளவு பெரிய ஒன்று இவ்வளவு பொறுமையாகத் திரும்புவதைப் பார்த்தபிறகு, கத்துவதற்கு அவளுக்குள் ஆளே இல்லை.

“எங்க தாத்தா ஏர் ஓட்டுனாரு சார். அதச் சொல்லிப் பொடவ காட்டலாமா?”

வரதராஜன் தாளின் மூலையை விரலால் நீவிக்கொண்டு நின்றார்.

“அப்போ இது எனக்கு ஆவாது சார்.”

நூலை விரலில் சுற்றிச் சுருக்குப்பைக்குள் போட்டாள். செங்கல்லை எடுத்த இடத்திலேயே வைத்தாள். கல்லில் தேங்கியிருந்த தண்ணீரையும் சாக்பீஸ் கோட்டையும் துடைக்கக் குனிந்தபோது அவர், “இருக்கட்டும், அத அழிக்காத” என்றார். விட்டுவிட்டாள்.

கீழே இறங்கினாள். யாரோ ஒரு அம்மாள் கையைப் பிடித்து, “ஏம்மா, இந்த மாம்பழக் கலர்ல பச்ச பார்டர் இருக்குதா?” என்று கேட்டாள். சிம்ரன் அந்த அடுக்கைக் காட்டி, “மூணாவது பாருங்கம்மா, உங்க பொண்ணு நெறத்துக்கு எடுப்பா இருக்கும்” என்றாள். அது உண்மையாகவே எடுப்பாக இருந்தது. வீடியோ மூலையில் மாட்டியிருந்த தன் பையை எடுத்தாள். சான்றிதழ் உறை உள்ளே இருக்கிறதா என்று ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள். தொலைநோக்கிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில் இப்போது அவளுக்குத் தெரிந்திருந்தது.

மூச்சு வாங்கப் படியிறங்கி வந்த அம்சா, “எங்கடி போற? ஒண்ணு முப்பத்திநாலுன்னு சொன்னாரே” என்றாள்.

“நீ சாப்பிடுக்கா. எனக்காக உக்காந்துக்கினு இருக்காத.”

கல்யாணக்கூட்டத்தின் நடுவே வழி விலக்கிக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளி, நிறுத்தியிருந்த வேன்களுக்கு இடையில் தெருவில் இறங்கி நடந்தாள்.